பெட்டியைப் பார்க்கப் பதினொரு நிமிடம்

தன் முன்னோர் யார், கூடப்பிறந்தவர் யார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை காசு உள்ளவனுக்கு வந்தால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். காசு இல்லாதவனுக்கு வந்தால் தொந்தரவு என்று பெயர். இந்த வித்தியாசம் முன்பே தெரிந்திருந்தால் ஃபேன்காரர் வம்சாவளி ஆவண மையத்தின் படியில் காலே வைத்திருக்க மாட்டார்.

ஃபேன்காரர் என்றால் ஃபேன் விற்கிறவர் அல்ல, நின்றுபோன ஃபேனைச் சுற்ற வைக்கிறவர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஆறடிக்கு எட்டடியில் ஒரு கடை. எரிந்துபோன காயிலைப் பிரித்தெடுத்து, புதுச் செம்புக்கம்பி சுற்றி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்துக் கொடுப்பார். ஐம்பது வயதாகிவிட்டது. எந்தச் சோப்பாலும் அவர் விரலிடுக்குக் கிரீஸை அசைக்க முடியவில்லை.

அவருடைய அப்பாவுக்கு எழுபத்தொன்பது. அப்பாவுக்கு மூன்று வயதானபோது ஒரு விஷக்காய்ச்சல் வந்து பெற்றவர்கள் இருவரையும் ஒரே வாரத்தில் கொண்டுபோய்விட்டது. அவரும் அவருடைய அக்காவும் அனாதை இல்லத்து வாசலில் வந்து நின்றார்கள். ஆண் பிள்ளைகளை அந்த இல்லத்திலேயே வைத்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு நூறு மைல் தள்ளி இன்னோர் இல்லம். அக்காவை வண்டியில் ஏற்றினார்கள், அதோடு சரி. மூன்று வயதுப் பிள்ளைக்கு அக்காவின் பெயர் எப்படித் தெரியும்? அவரைப் பொறுத்தவரை அக்காவின் பெயர் அக்கா.

இப்போது அப்பாவின் இதயத்தில் அடைப்பு. அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும், இந்த வயதில் உத்தரவாதம் எதுவும் தர முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அப்பா சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தார்.

"கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி அக்கா இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியணும்டா. இருந்தா போய்ப் பாக்கணும். இல்லைன்னா உக்காந்து ஒரு தடவை அழுதுக்கணும். ரெண்டும் இல்லாம நான் எங்கேயும் படுக்க மாட்டேன்."

அந்த இல்லங்களை மூடி நாற்பது வருடமாகிறது. அவற்றின் பதிவேடுகளெல்லாம் வம்சாவளி ஆவண மையத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஆகவே ஃபேன்காரர் ஒரு திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு அங்கே போனார்.

வாசலில் தங்க எழுத்தில் "உங்கள் வேர்கள், எங்கள் பொறுப்பு" என்று இருந்தது. உள்ளே வரவேற்பு மேசையின் மேல் ஓர் அட்டை: "விசாரணை செய்ய விரும்புவோர் இங்கே விசாரிக்க வேண்டாம்." வேறு எங்கே விசாரிப்பது என்று விசாரிக்க ஆளில்லாததால் அவர் அங்கேயே விசாரித்தார்.

"யாரைத் தேடுறீங்க?" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார்.

"எங்க அத்தையை மேடம். அப்பாவோட அக்கா."

"பேரு?"

"அதுதான் தெரியலை. அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

"அப்ப நீலப் படிவம்." பதினான்கு பக்கம். முதல் கட்டத்திலேயே "பெயர் தெரியாத நபரின் பெயர்" என்று அச்சடித்திருந்தது.

"இதுல என்ன மேடம் எழுதறது?"

"பேரை எழுதுங்க. தெளிவா எழுதுங்க. போன மாசம் ஒருத்தர் கிறுக்கிக் குடுத்துட்டுப் போயிட்டார். பாவம், அவரோட தாத்தா இப்ப வேற யாருக்கோ தாத்தாவா இருக்கார்."

ஃபேன்காரர் யோசித்துப் பார்த்து, "அக்கா" என்று எழுதினார். அம்மையாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா? தெரிஞ்சு வச்சுக்கிட்டே தெரியாதுங்கிறீங்க."

அடுத்தது கட்டணப் பலகை. தலைகீழாக நின்றாலும் ஃபேன்காரருக்குக் கணக்கு ஃபேனில்தான் வரும். தேடல் கட்டணம் ஆறு ஃபேன் கூலி. ஒரு பக்கத்துக்கு நகல் எடுக்க ஒரு ஃபேன். அதில் முத்திரை வேண்டுமென்றால் இன்னொரு ஃபேன். கடைசி வரியில், கண்ணீர் பட்டுச் சேதமாகும் பக்கங்களுக்கு அபராதம் தனி என்றிருந்தது. எவ்வளவு என்று போடவில்லை. அழுகையின் அளவைப் பொறுத்து இருக்கும் போலும்.

"இவ்வளவு எனக்குக் கட்டுப்படியாகாது மேடம்."

"அதுக்குத்தான் எளியோர் தேடல் திட்டம் இருக்கே. எல்லாமே இலவசம். என்ன, கொஞ்சம் பொறுமை வேணும்."

காசு இல்லாதவர்களிடம் பொறுமை கொட்டிக் கிடக்கிறது என்பது எல்லா அலுவலகங்களுக்கும் தெரிந்த ரகசியம்.

எளியோர் திட்டத்தில் சேர்ந்தவர்கள் முதலில் ஆவணத்தைக் கையாளும் பயிற்சி வகுப்புக்குப் போக வேண்டும். வாரம் ஒரு நாளாக ஆறு வாரம். வகுப்பு இலவசம், வெள்ளைக் கையுறை மட்டும் அவரவர் செலவு. நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்து, எழுத்தே இல்லாத வெற்றுத்தாள் கட்டு ஒன்றை இரண்டு கட்டைவிரலாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்கள். தலைமுடி மாதிரிக் கம்பியை ஆயிரத்து இருநூறு சுற்று அறுபடாமல் சுற்றுகிற விரல் ஃபேன்காரருடையது. ஆனாலும் தேர்வில் முதல் தடவை தோற்றுப்போனார். பக்கத்தை வேகமாகப் புரட்டிவிட்டாராம்.

"அவசரப்படுறவங்களுக்கு வரலாறு கிடையாது," என்றார் பயிற்சியாளர். அவர் இருபத்தொரு வருடமாக அதே வெற்றுத்தாளைப் புரட்டக் கற்றுக்கொடுப்பவர். மறுபடியும் ஆறு வாரம் ஆயிற்று. இரண்டாவது தடவை சான்றிதழ் கிடைத்தது. அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அக்கா எங்கடா?"

"இது என் சான்றிதழ்ப்பா. எனக்குப் பக்கம் புரட்டத் தெரியும்னு போட்டிருக்கு."

"அதை ஒண்ணாம் வகுப்புலயே சொன்னாங்களேடா," என்றார் அப்பா.

அதன் பிறகு பார்வை அனுமதி வந்தது. மாதத்தின் முதல் செவ்வாய், பிற்பகல் மூன்று மணி முதல் மூன்று பதினொன்று வரை. ஃபேன்காரர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். நீண்ட மேசை, விளக்கு, எதிரே ஒரு காவலர். இரண்டு பேர் ஒரு சாம்பல் நிற அட்டைப்பெட்டியைப் பச்சைக் குழந்தையைப் போல ஏந்திவந்து வைத்தார்கள். பெட்டியின் மேல் 411, 412 என்று எண் போட்டிருந்தது. ஃபேன்காரர் கையுறை மாட்டி மூடியில் கை வைத்தார்.

"என்ன பண்றீங்க?" என்று காவலர் எழுந்துவிட்டார்.

"திறக்கிறேன்."

"உங்களுக்குக் குடுத்திருக்கிறது பார்வை அனுமதி. திறப்பு அனுமதி இல்லை. பாருங்க."

ஃபேன்காரர் பார்த்தார். பதினொரு நிமிடம் பார்த்தார். வலது மூலையில் கொஞ்சம் நசுங்கியிருந்தது. மூன்று பதினொன்றுக்கு மணி அடித்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டில் அப்பா கதவருகிலேயே நாற்காலியைப் போட்டுக் காத்திருந்தார். "பாத்தியா? எப்படி இருந்துச்சு?"

"பெட்டி நல்லா இருந்துச்சுப்பா," என்றார் ஃபேன்காரர்.

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "உங்க அத்தை கிடைக்கிறதுக்குள்ள நாம ரெண்டு பேரும் காணாமப் போயிடுவோம் போலிருக்கு. அப்ப நம்மளைத் தேட நம்ம பொண்ணு வந்து கையுறை மாட்டிக்கணும்."

இப்படி ஐந்து செவ்வாய்க்கிழமை அவர் பெட்டியைப் பார்த்தார். அதற்குள் மருத்துவர் இரண்டு தடவை கூப்பிட்டுக் கோபித்துக்கொண்டார். அப்பாவுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. படுக்கையைக் கீழே கொண்டுவந்து போட்டார்கள். ஆறாவது செவ்வாயன்று ஃபேன்காரர் காவலரிடம் கெஞ்சிக் கூத்தாடி உதவி இயக்குநரின் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

உதவி இயக்குநர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்களிடம் காரியம் நடக்காது என்பது ஃபேன்காரருக்குத் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

"உங்க வலி எனக்குப் புரியுது," என்றார் அவர். "ஆனா எங்களுக்கு ரகசியம்தான் உயிர்மூச்சு. உங்க அத்தை ஒருவேளை தன்னை யாரும் கண்டுபிடிக்க வேண்டாம்னு நினைச்சா? அவங்க உரிமையை நாங்க மதிக்கணும் இல்லையா? அவங்க நேர்ல வந்து, 'என்னைத் தேடலாம்'னு ஒரு கையெழுத்துப் போடட்டும். அன்னிக்கே தேட ஆரம்பிச்சிடுறோம்."

"அவங்களே நேர்ல வந்துட்டா நான் எதுக்கு சார் தேடணும்?"

"அது உங்க குடும்ப விஷயம். அதுல நாங்க தலையிடறது இல்லை."

"சார், அவங்க உயிரோட இருக்காங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. எங்கப்பா ஆபரேஷனுக்கே ஒத்துக்க மாட்டேங்கிறார்."

உதவி இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. இந்த மையத்துக்கு எழுபது வயசாகுது. இதுவரைக்கும் இங்கேருந்து ஒரு தகவல்கூட வெளியே போனதில்லை. எத்தனை அலுவலகம் இப்படிச் சொல்லிக்க முடியும்?"

அந்த எழுபது வயதைக் கொண்டாட அந்த மாதக் கடைசியில் ஒரு விழா நடந்தது. எளியோர் திட்டத்தினர் எல்லாரும் வந்து கைதட்ட வேண்டும், வருகைப் பதிவு உண்டு என்று கடிதம் வந்தது. ஃபேன்காரரும் போனார். இயக்குநர் பேச எழுந்த நேரம் பார்த்து மேடைக்கு மேலிருந்த ஃபேன் நின்றுவிட்டது. யாரோ ஃபேன்காரரைக் கைகாட்டினார்கள். இது மையத்துக்கு நீங்கள் செய்கிற தொண்டு என்று சொல்லி ஏணியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூலியைப் பற்றிப் பேச்சில்லை.

ஆக, இயக்குநரின் பேச்சை ஃபேன்காரர் ஏணி உச்சியில் இருந்து கேட்டார்.

"நாம் நவீனமாகிவிட்டோம்! நம்மிடம் உள்ள அத்தனை கோப்புகளின் அட்டைகளையும் கணினியில் ஏற்றிவிட்டோம். உள்ளே இருக்கும் தாள்கள் என்ன ஆகும் என்று சிலர் கேட்கிறார்கள். நான் அவர்களைக் கேட்கிறேன்: அட்டையில் என்ன இல்லை? எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது. உள்ளே இருப்பது வெறும் மனிதர்கள்தானே! அவர்களுக்காக எத்தனை அலமாரி, எத்தனை அறை! இன்றோடு அந்தச் சுமையை நாம் இறக்கிவைக்கிறோம்!"

அரங்கம் கைதட்டியது. கெபாசிட்டரைக் கையில் பிடித்திருந்ததால் ஃபேன்காரரால் தட்ட முடியவில்லை. அவருக்கு நேர் எதிரே ஒரு காற்றுச் சன்னல். அதன் வழியே பின்பக்க முற்றம் தெரிந்தது. அங்கே ஒரு லாரி, ஒரு தராசு, சாக்குச் சாக்காகக் காகிதம். இயக்குநர் சொன்ன சுமையை உண்மையாகவே இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஃபேன்காரர் அவசர அவசரமாகக் கம்பிகளை முறுக்கினார். கெபாசிட்டரை மாட்டினார், ஃபேன் சுற்றியது, ஏணியில் இருந்து இறங்கினாரா குதித்தாரா என்று அவருக்கே நினைவில்லை.

முற்றத்தில் பழைய பேப்பர்காரர் ஒருவர் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, இதையெல்லாம் என்ன பண்ணுவீங்க?"

"அரைச்சு அட்டை பண்ணுவாங்க. முட்டை அட்டை, செருப்புப் பெட்டி."

"இதுல எனக்கு ஒரு கட்டு வேணும். எங்க குடும்பக் கட்டு."

"எடுத்துக்கங்க. கிலோ கணக்குதான், குடும்பத்துக்குன்னு தனி ரேட் கிடையாது." ஃபேன்காரரின் முகத்தைப் பார்த்து அவருக்கு மனம் இளகியிருக்க வேண்டும். "கொட்டித்தான் பாருங்களேன். லாரி கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும்."

ஃபேன்காரர் முட்டி போட்டு உட்கார்ந்து சாக்குகளைக் கொட்டினார். கையுறை மாட்டவில்லை, இரண்டு கட்டைவிரலாலும் புரட்டவில்லை, ஆறு வாரப் பயிற்சி இரண்டு முறையும் காற்றில் போயிற்று. எட்டாவது சாக்கில் அவருடைய நீலப் படிவம் அகப்பட்டது. பதினான்கு பக்கத்திலும் கிரீஸ் பெருவிரல் ரேகை. அதோடு சேர்த்து நூலால் கட்டியிருந்த கட்டு அரைச்செங்கல் கனம் இருந்தது.

அடியில் இல்லத்துப் பதிவேட்டில் இருந்து கிழித்த ஒரு பக்கம். "411. பெண், வயது எட்டு. 412. ஆண், வயது மூன்று. உடன்பிறந்தோர். இதே பெயரில் ஏற்கெனவே இரண்டு சிறுவர்கள் இருப்பதால் 412-க்கு வேறு பெயர் இடப்பட்டது. பிரிக்கும்போது இருவரும் அழுதனர்." இரண்டு வரிசையிலும் பெயர்கள் இருந்தன. அப்பாவுக்கு வேறு ஒரு பெயர் இருந்தது!

அதற்கு மேலே மனுக்கள். ஒன்றல்ல, முப்பத்தெட்டு மனுக்கள், எல்லாம் ஒரே கையெழுத்து. முதல் மனுவுக்கு ஐம்பத்திரண்டு வயது: "என் தம்பியைத் தேடுகிறேன். நான் அவனைத் தூக்கி வளர்த்தவள்." வருடம் ஏற ஏற எழுத்து நடுங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு மனுவிலும் ஒரே பதில் முத்திரை: "தம்பி நேரில் வந்து சம்மதம் தெரிவித்தால் தேடப்படும்." கடைசி மனு நான்கு மாதத்துக்கு முன்னால் எழுதியது. முகவரியும், பக்கத்து வீட்டுத் தொலைபேசி எண்ணும் இருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலே மையத்தின் உள்குறிப்பு. ஃபேன்காரர் அதை மூன்று தடவை படித்தார்.

"ஒருவரையொருவர் தேடும் இரு தரப்பு மனுக்களும் ஒரே விஷயம் குறித்தவை எனத் தெரிகிறது. அலமாரியில் இடம் மிச்சமாகும் என்பதால் ஒன்றாகக் கட்டவும். இதைக் கண்டுபிடித்து நான்கு அங்குலம் மிச்சப்படுத்திய எழுத்தருக்குப் பாராட்டுக் கடிதம் வழங்கவும். இரு மனுதாரர்களும் எளியோர் திட்டத்தில் இருப்பதால், பெண் மனுதாரருக்குச் செவ்வாய் காலையும் ஆண் மனுதாரருக்குப் பிற்பகலும் ஒதுக்கவும். சந்தித்துக்கொண்டால் ரகசியம் வெளியாகிவிடும்."

ஐந்து செவ்வாய்க்கிழமை. எண்பத்து நான்கு வயதுக் கிழவி பேருந்து ஏறி வந்து, அதே மேசையில் உட்கார்ந்து, அதே பெட்டியைப் பதினொரு நிமிடம் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். ஃபேன்காரர் சாக்குக் குவியல் மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தாளெல்லாம் நனைந்தது. அபராதம் போட அங்கே ஆளில்லை.

"ஒண்ணரைக் கிலோ," என்றார் பழைய பேப்பர்காரர், தராசைப் பார்க்காமலே. ஒரு பக்க நகலுக்குக் கேட்ட ஒரு ஃபேன் கூலியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை, ரசீதும் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரின் பின்சீட்டில் தலையணை வைத்து அப்பாவைப் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான்கு மணி நேரப் பயணம். நடுவில் ஒரு தடவை அப்பா, "அவ என்னை அடையாளம் கண்டுக்கலைன்னா என்னடா பண்றது?" என்று கேட்டார்.

கதவைத் திறந்த கிழவி ஒடிசலாக, கண்ணில் கனத்த கண்ணாடியோடு இருந்தாள். அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எழுபத்தாறு வருடம் யாரும் வாயில் எடுக்காத பெயர். அதை இங்கே எழுதுவதற்கில்லை, மையத்துக்குத் தெரிந்தால் நகல் கட்டணம் கேட்டு ஆள் அனுப்புவார்கள்.

"எவ்வளவு நேரம்டா?" என்றாள். "இந்தா வந்துடுறேன்னு சொல்லிட்டுத்தானே வண்டியில ஏறினேன். அதுக்குள்ள எங்க போயிட்ட?"

"நான் எங்கேயும் போகலக்கா," என்றார் அப்பா. "அங்கேயேதான் நின்னேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவளும் அழுதாள்.

அத்தை துணிமணியைக் கட்டிக்கொண்டு தம்பியோடு வந்துவிட்டாள். அப்பா மருத்துவமனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் ஃபேன்காரர் மரியாதை தெரிந்தவர்கள் மட்டுமே செய்கிற ஒரு தப்பைச் செய்தார். பாவம், அவர்கள் வீணாகத் தேடிக்கொண்டிருப்பார்களே என்று மையத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டார்: "அத்தை கிடைத்துவிட்டார். நன்றி."

எழுபது வருடத்தில் எந்த மனுவுக்கும் இல்லாத வேகத்தில், மூன்றே நாளில் பதில் வந்தது. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் காலை. ஃபேன்காரர் அதை உரக்கப் படித்தார்.

"உறவு நிரூபிக்கப்படாத நிலையில் மனுதாரர்கள் மையத்தின் அனுமதியின்றிச் சந்தித்துக்கொண்டது விதிகளுக்குப் புறம்பானது. ஆகவே இருவரும் உடனடியாகப் பிரிந்து, அவரவர் முந்தைய முகவரிக்குத் திரும்பி, உரிய படிவத்தில் மீண்டும் விண்ணப்பித்து, முறைப்படி சேர்ந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். குறைந்தபட்சப் பிரிவுக்காலம் ஆறு மாதம்."

"என்னடா சொல்றான்?" என்றாள் அத்தை. அவளுக்கு ஒரு காது மந்தம்.

"நாம பிரியணுமாம்க்கா," என்று அவள் காதருகே சொன்னார் அப்பா. பிறகு மகன் பக்கம் திரும்பினார். "பேனாவை எடுடா. பதில் எழுது. விதிப்படி ஆறு மாசம் பிரியணும்னா, நாங்க எழுபத்தாறு வருஷம் முன்கூட்டியே பிரிஞ்சு முடிச்சிட்டோம். ஆறு மாசத்தை அதுல கழிச்சுக்கட்டும். மிச்சம் எழுபத்தஞ்சரை வருஷத்தை எங்க ரெண்டு பேருக்கும் எப்பத் திருப்பித் தருவாங்கன்னு கேளு."